கிருஷ்ணா தண்ணீர் யாருடையது?

கோடை வந்தால், சென்னைக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் பற்றிய இந்தச் செய்தியும் வந்துவிடும். ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறந்தது இத்தனை கன அடி, கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டுக்கு வந்து சேர்ந்தது இத்தனை கன அடி. கீழே கருத்துகளைப் படித்தால் மனசு கஷ்டமாகிவிடுகிறது. "வழியில ஆந்திராக்காரன் மோட்டார் வச்சு நம்ம தண்ணிய திருடுறான்" என்று ஒருவர் எழுத, அதற்கு ஆயிரம் லைக்.

நம்ம தண்ணியா அது? காவிரியில் நமக்கு உரிமை இருக்கிறது. அது நம் மண்ணில் ஓடும் ஆறு, காலங்காலமாக நம் வயலுக்குப் பாய்ந்த ஆறு. கிருஷ்ணா அப்படியில்லை. தமிழ்நாட்டுக்குள் அது ஓரடிகூட ஓடவில்லை. அந்த ஆற்றிலிருந்து சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் வருகிறது என்றால், ஆற்றுக்குச் சொந்தக்கார மாநிலங்கள் மனமுவந்து கொடுத்ததால்தான்.

1976-இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆண்டுக்கு ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தர ஒப்புக்கொண்டன. மொத்தம் 15. வழியில் ஆவியாவது, கசிவது 3 போக, நம் எல்லைக்கு வர வேண்டியது 12 டி.எம்.சி. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பி வழிந்தாலே ஏறக்குறைய 11 டி.எம்.சி.தான். நம்முடைய அத்தனை ஏரியையும் விடப் பெரிய ஏரி ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

அதற்கு முன் சென்னை எப்படிச் சமாளித்தது? 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீரைத் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914-இல் அங்கே வடிகட்டும் நிலையம் வந்தது. ஊர் பெருகப் பெருக அது போதவில்லை. மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாக நின்று பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தார். 1944-இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அதன் பிறகும் நகரம் வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம் கையெழுத்தானது. கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் அணையில் எடுக்கும் தண்ணீர் வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு என்று தேங்கித் தேங்கி, சுமார் 400 கிலோமீட்டர், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடிப் பூண்டிக்கு வருகிறது. அந்த வழி முழுக்க ராயலசீமா, நெல்லூர்ப் பக்கத்து வறண்ட பூமி. ஐந்தே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருவதும் இதே திட்டத்தின் பாதி நோக்கம். நீர்த்தேக்கங்களுக்காக அங்கே ஊர்களே மூழ்கின. வீட்டையும் நிலத்தையும் விட்டு எழுந்து போனவர்களில் ஒருவர்கூட சென்னையில் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார்.

முதல் தண்ணீர் 1996-இல் வந்தது. ஆனால் கண்டலேறுவிலிருந்து எல்லை வரையான 152 கிலோமீட்டர் வெறும் மண் கால்வாய். கரை சரிந்தது, மண் தண்ணீரைக் குடித்தது, வந்து சேர்ந்தது சொற்பம். புட்டபர்த்தி சாய்பாபாவின் அறக்கட்டளை அதைச் செப்பனிட்டுக் கொடுத்த பிறகு, 2004-இல்தான் ஓட்டம் ஒழுங்கானது. இரண்டு அரசுகள் செய்திருக்க வேண்டிய வேலை அது. அப்படியும், பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி. முழுசாக வந்ததில்லை.

ஜீரோ பாயின்ட்டில் தண்ணீர் எட்டிப்பார்க்கும் நாளில் அதிகாரிகள் கரையில் நின்று பூத்தூவி வரவேற்பார்கள். நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, செம்மண் கலங்கலாக வரும். அந்தப் பூத்தூவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நன்றி சொல்லத் தெரிந்த வழக்கம் அது. அதே வாயால் அடுத்த வாரம் திருட்டு என்கிறோம் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணெதிரே கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, பக்கத்தில் நெற்பயிர் கருகுகிறது. அந்த விவசாயி டீசல் மோட்டாரை இறக்கத்தான் செய்வார். நம் தஞ்சாவூர்க்காரர் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே செய்வார். அளவு மீறி எடுப்பது சரி என்று சொல்லவில்லை. அதை ஆந்திர அரசோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அவருக்குரிய பாசனத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்த மோட்டாருக்கே பாதி வேலை இருக்காது.

அப்புறம், கால்வாய்க்குப் பதில் குழாய் பதிக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கசிவு நிற்கும், உண்மைதான். ஆனால் வழியில் இருப்பவர்களுக்குச் சேர வேண்டியதை முதலில் உறுதிசெய்யாமல் குழாயை மூடிக்கொண்டு வருவதை என்னால் ஆதரிக்க முடியாது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். எல்லையிலிருந்து பூண்டி வரை 25 கிலோமீட்டர் நம் பொறுப்பு. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் "எங்கள் ஏரி நிரம்பிவிட்டது, நிறுத்துங்கள்" என்று நாமே கேட்டிருக்கிறோம். கிருஷ்ணா தண்ணீரைத் தேக்கக் கட்டிய கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல்தான் திறக்கப்பட்டது, கொள்ளளவு அரை டி.எம்.சி. அந்த நல்ல ஆண்டுகளில்தான் கரையைப் பலப்படுத்த வேண்டும், பூண்டியைத் தூர்வார வேண்டும், ஆந்திராவுக்குத் தர வேண்டிய பராமரிப்புப் பங்கைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். அடுத்த வறட்சி வந்த பிறகு கடிதம் எழுதிப் பயனில்லை.