பெரியப்பா சல்யூட் அடிக்க வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் பெரியப்பா சுவரில் கை வைத்து நிற்கிறார். அதற்கு வந்த கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். "மெடல் எங்கே?" "ஒரு சல்யூட்கூட அடிக்கவில்லையே." "முகத்தில் பெருமிதமே இல்லை." இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

அவர் சல்யூட் அடிக்க வரவில்லை. ஒரு பெயரைத் தேடி வந்தார்.

பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்தவர்களில் ஒருவர். இருட்டில் குப்புறப் படுத்து, கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். நேராகக் குத்தினால் கம்பி வெடியின் தலையில் படும். இதை அவர் டெல்லி போகும் ரயிலில்தான் முதல்முறையாகச் சொன்னார். 15ஆம் தேதி இரவு பாதை முழுதாகச் சுத்தமாகும் முன்பே எதிரி டாங்கிகள் வருவதாகத் தகவல். மீதி வெடிகள் மண்ணுக்குள் இருக்கும்போதே நம் டாங்கிகள் உள்ளே போயின. மறுநாள் அங்கே சண்டையிட்டு இறந்தார் அருண் கேத்ரபால், 21 வயது. பரம்வீர் சக்ரா பெற்றவர். அவர் பெயர் நாட்டுக்கே தெரியும், தெரியத்தான் வேண்டும். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து மண்ணைக் குத்திக்கொண்டிருந்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

அந்தப் பெயரைத்தான் தேடினார். 2019இல் நினைவகம் திறந்தபோதே தியாக சக்கரத்தின் கிரானைட் சுவர்களில் உயிர்நீத்த வீரர்களின் 25,942 பெயர்கள். 78 வயதுக் கண்ணுக்குப் பொன் எழுத்தும் மங்கல்தான். கண்டுபிடித்ததும் ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவினார். அந்த நேரத்தில் எடுத்த படம் அது. அதில் பெருமிதம் வேண்டும் என்கிறீர்கள்.

"நீதானே பொதுவில் போட்டாய்" என்பீர்கள். சரி, போட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், இப்படிப்பட்ட இடத்துக்கு மெடல் அணிந்து வருவதுதான் முறை என்று எழுதியிருந்தார். அவர் சொல்லலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு என்ன உரிமை? மெடல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "எடுத்துக்கொள்ளலாமா?" என்று கிளம்பும்போது கேட்டேன். "அவன்கிட்ட அதைக் காட்டவா போறேன்?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த மனிதரிடம் எங்கள் சொந்தத்தில் யாரும் போரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் கேட்டதெல்லாம் கேன்டீன் சரக்குதான். "மிலிட்டரி வந்தாச்சு" என்று வாசலில் ஒரு சத்தம், அப்புறம் பாட்டில் எங்கே என்று ஒரு பார்வை. என் அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். கேட்காமலேயே இருந்துவிட்டு, இன்று அவர் எப்படி நிற்க வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் நிற்கிறதே பெரிய விஷயம். அந்த முட்டியோடு சுவர் சுவராக நடந்தார். உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை.

அவர் சல்யூட் அடிக்க வரவில்லை. இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை.

கருத்துகளை அவரிடம் காட்டவில்லை. படத்தை மட்டும் காட்டினேன். போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "பேரு தெரியலையேப்பா, என் தலை மறைக்குது. வேற எடுக்கலையா?" என்றார்.

எடுக்கவில்லை.