நோட்டில் பேர் ஏறுவது

சைதாப்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக் கடையின் கணக்கு நோட்டில் என் பெயர் கிடையாது. 'பச்சை கேட் மாடி' என்றுதான் இருக்கிறது. 2012இல் நாங்கள் குடிவந்தபோது கேட் பச்சையாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை வேறு பெயின்ட் அடித்தாகிவிட்டது, நோட்டில் மட்டும் இன்னும் பச்சைதான். பக்கத்து வீடு 'டீச்சரம்மா', எதிர்வீடு 'ஆட்டோ'. தேதி, தொகை, மாதம் பிறந்து பணம் கொடுத்ததும் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான் கணக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைத் தெருக்கள் மூழ்கிக் கரண்டும் ஏடிஎம்மும் செல்போனும் செத்துக் கிடந்த நாட்களில், சற்று மேட்டில் இருந்த அந்தக் கடையிலிருந்துதான் எங்களுக்கு அரிசியும் மெழுகுவத்தியும் கிடைத்தன. மறு ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோதும், வங்கி வரிசையில் கால்கடுக்க நின்றோமே தவிர, சமையல் நிற்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே 'அந்தக் காலத்து மனிதாபிமானம்' என்று உருகுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் ஏமாளி அல்லர். எனக்குச் சம்பளம் வரும் தேதி, மகன் படிக்கும் கல்லூரி, மாமியார் வந்து தங்கும் மாதம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. 'போன மாசம் எண்ணெய் கம்மியா வாங்கினீங்களே, ஊருக்குப் போயிருந்தீங்களா?' என்று கேட்பார். வங்கி சம்பளச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் எண்ணெய்க் கணக்கிலேயே தெரிந்துகொள்கிறார். கடனுக்கு நாம் கொடுக்கும் வட்டி இந்த வேவுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஏலச்சீட்டும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி, சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெற்று, சீட்டுத் தொகை முழுவதற்கும் ஈடு வைத்துப் பதிவு செய்தாக வேண்டும். எங்கள் தெருவில் இருபது பேர் மாதம் ஐயாயிரம் போட்டு, சேர்ந்த தொகையில் யார் அதிகம் தள்ளிக் (குறைத்துக்கொண்டு) கேட்கிறாரோ அவர் எடுத்துக்கொள்ள, தள்ளிய தொகையை மற்றவர்கள் கசராக, அதாவது லாபப் பங்காகப் பிரித்துக்கொள்ளும்போது அங்கே இருக்கும் ஒரே ஈடு, 'சொந்த வீடு இருக்கு, எங்கே போயிடப் போறாங்க?' என்ற வார்த்தைதான். அப்படி நம்பி என் மனைவி கட்டிய தீபாவளிச் சீட்டு ஒன்று, நடத்தியவர் வீட்டை விற்றுவிட்டு ஓர் இரவில் ஊரைவிட்டுப் போனதோடு போயிற்று. பதினெட்டாயிரம் ரூபாய். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் காவல் நிலையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது? மறு ஆண்டே அவள் வேறொருவரிடம் சீட்டுச் சேர்ந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவசரத்துக்கு நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதைவிட அது மேல் என்பது அவள் கணக்கு, அதை என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த மூன்று இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறார்கள். அதே கடையில்தான் அரிசியும் உருளைக்கிழங்கும் வாங்குகிறார்கள். மழை பெய்து வேலை இல்லாத வாரங்களில் வாங்குவது பாதியாகிவிடுகிறது; ஆனாலும் நின்ற இடத்திலேயே போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டுத்தான் பையை எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் கணக்கு இல்லை என்று ஒருநாள் கடைக்காரரிடம் கேட்டேன். 'நாளைக்கு ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா யார்கிட்ட சார் போய்க் கேக்குறது?' என்றார்.

நானும் இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்தவன்தான். வந்த வாரமே வீட்டுக்கார அம்மா என்னைக் கடைக்கு அழைத்துப்போய், 'நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க, பார்த்துக்கோங்க' என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கே நோட்டில் பச்சை கேட் ஏறிவிட்டது. அந்த மூன்று பேருக்காக அப்படி ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். கடைக்காரர் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.