‘இந்த வருடமாவது’ என்று என்னிடம் கேட்காதீர்கள்

இன்று மதியம் அலுவலகச் சாப்பாட்டறையில் மைக்ரோவேவ் முன்னால் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர் என் தொப்பியைப் பார்த்தார். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான சியாட்டில் மரினர்ஸின் தொப்பி. “என்ன, இந்த வருடமாவது ஜெயிப்பார்களா?” என்றார். பதிலுக்குக்கூடக் காத்திராமல் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு இருக்கைக்கு வந்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ‘ஆவது’ இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றே எழுத்து. இந்த வரனாவது தகையுமா, இந்தத் தடவையாவது பாஸ் செய்வானா என்று ஊரில் கேட்பார்களே, அதே ‘ஆவது’. கேட்கிறவருக்கு அது அக்கறை. கேட்டுக்கொள்கிறவனுக்கோ, பழைய தோல்விகள் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டுப் போவது போல. பிப்ரவரி நடுவில் அரிசோனாவின் பியோரியாவில் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) பயிற்சிக்குக் கூடுகிறார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசியில் முதல் ஆட்டம் தொடங்கும்வரை எனக்கு இதுதான் தினப்படி வரவேற்பு. பஸ்ஸில், மகளின் பள்ளி வாசலில், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களின் தொலைபேசி அழைப்பில், எங்கே போனாலும் ‘ஆவது’.

எனக்கு வரலாறு தெரியாது என்று நினைக்கிறார்களா? 1977இல் தொடங்கிய அணி. லீகின் முப்பது அணிகளில், கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஒருமுறைகூடக் கால் வைக்காத ஒரே அணி. 2001இல் 162 ஆட்டங்களில் 116 ஜெயித்தது. அதைவிட அதிகமாக எந்த அணியும் இன்றுவரை ஜெயித்ததில்லை. அந்த அணியும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. அதன்பிறகு 2022 வரை, சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபின் வாசலையே மிதிக்கவில்லை. 2023இல் ஒரே ஒரு வெற்றி குறைந்து வெளியே நின்றோம். 2024இலும் அதே ஒரே ஒரு வெற்றி. இதையெல்லாம் எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நான் இதோடுதான் தூங்கி எழுகிறேன்.

2022 அக்டோபர் 15 அன்று நான் மைதானத்தில் இருந்தேன். 21 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊரில் ஒரு பிளேஆஃப் ஆட்டம், எதிரே ஹூஸ்டன். வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, 0–0. பன்னிரண்டு, அப்போதும் 0–0. பதினைந்திலும் அதேதான். கழிப்பறைக்குப் போகவும் மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் ஷூவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாரம் ஊரே அப்படித்தான் நின்றது, ராசிக்காக. ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ், கீழே சில்லென்ற சிமெண்டுத் தரை. பதினெட்டாவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா அடித்த ஹோம் ரன்னோடு (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) எல்லாம் முடிந்தது. 1–0. ஆறு மணி நேரம் 22 நிமிடம். பாட்டி ஷூவை மாட்டிக்கொண்டு, என் தோளைத் தட்டி, அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம் என்றார். அவர் ‘ஆவது’ சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

சரி, சென்ற ஆண்டுக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 20. திங்கட்கிழமை, தீபாவளி. வீட்டில் ஐந்து குடும்பங்கள். எதிரே டொரண்டோ, அவர்கள் ஊரில், ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ். தீபாவளியும் அதுவுமாக டிவி எதற்கு என்று முணுமுணுத்தார்கள், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஹூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன், கேல் ராலி ஒரு ஹோம் ரன், 3–1 என்று முன்னால் இருக்கிறோம். ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் பிரையன் வூ நான்கு பந்தைத் தவறாகப் போட்டு, முதல் ஆளை அடிக்காமலே முதல் தளத்தில் ஏற்றிவிட்டார். அடுத்தவர் அடித்து ஏறினார். அதற்கடுத்தவர் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி, இருவரையும் முன்னே நகர்த்தினார். இன்னும் எட்டே எட்டு அவுட் எடுத்தால் போதும். இந்த அணி பிறந்த நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில் போனதே கிடையாது.

மேலாளர் டான் வில்சன் வெளியே வந்தார். என் கையில் பாதி கடித்த அதிரசம். முனோஸைக் கூப்பிடுங்கள், முனோஸைக் கூப்பிடுங்கள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை முடித்துக்கொடுப்பதற்கென்றே இருக்கும் கை ஆண்ட்ரெஸ் முனோஸுடையது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்காக அவரைப் பொத்திவைத்து என்ன பயன், ஏழாவதிலேயே வீடு பற்றி எரியும்போது? வந்தவர் பஸார்டோ. எதிரே அடிக்க நின்றவர் டொரண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். பந்து இடப்பக்க வேலியைத் தாண்டி விழுந்தது. மூன்று ரன், 4–3. அதற்குமேல் எங்களுக்கு ஒரு ரன்கூட வரவில்லை. பஸார்டோவை நான் குறை சொல்ல மாட்டேன், சீசன் முழுக்க அணியைத் தாங்கிய கைகளில் அவருடையதும் ஒன்று. அந்த முடிவைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசி அவுட் விழுந்ததும் என் மகள் ஒன்றும் பேசாமல் தன் பேஸ்பால் கையுறையை மடியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். பத்து வயது. அப்போது சோபாவிலிருந்து ஒரு குரல்: “விடுங்கள், அடுத்த வருடமாவது பார்க்கலாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார். அந்தக் கடக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு குழந்தை அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு எப்படி ஐயா சிரிப்பு வருகிறது?

இத்தனைக்கும் அவர் பெங்களூரு அணியின் ரசிகர். 2008இலிருந்து 2025 வரை பதினெட்டு சீசன் காத்திருந்து ஐபிஎல் கோப்பையைப் பார்த்தவர். ஒவ்வொரு மார்ச்சிலும் இந்த முறை நமக்குத்தான் என்று அவர் சொல்லும்போது நான் ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. சென்ற ஜூனில் அவர்கள் ஜெயித்தபோது மனதார வாழ்த்தினேன். அவர் நம்பிக்கை வைத்தால் அது விசுவாசம், நான் வைத்தால் பைத்தியமா? பாஸ்டன் 86 ஆண்டு காத்திருந்து 2004இல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வாங்கியது. சிகாகோ கப்ஸ் 108 ஆண்டு காத்திருந்து 2016இல் வாங்கியது. அதற்கு முந்தைய பிப்ரவரிகளில் அந்த ஊர்களிலும் யாரோ நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களையும் யாரோ பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

என் நம்பிக்கை குருட்டு நம்பிக்கையும் இல்லை. கேல் ராலி சென்ற ஆண்டு 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சராக ஆடுபவர்! ஆட்டம் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கால் தேய, வேகப்பந்துகளைக் கையில் வாங்கிக்கொண்டே அறுபது. அதற்கு முன் எந்த கேட்சரும் ஒரு சீசனில் ஐம்பதைத் தொட்டதில்லை. 2001க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவில் முதலிடம் பிடித்தோம். டெட்ராய்ட்டோடு பதினைந்து இன்னிங்ஸ் மல்லுக்கட்டி ஜெயித்தோம். கில்பர்ட், கர்பி, வூ, காஸ்டியோ, மில்லர் என்று ஐந்து பிட்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஜாஷ் நெய்லரை விட்டுவிடுவார்களோ என்று நவம்பரில் பயந்துகொண்டிருந்தேன், ஐந்து ஆண்டுக்கு 9 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்துப் பிடித்துவைத்தார்கள். ஹோர்ஹே பொலாங்கோ நியூயார்க் மெட்ஸுக்குப் போனது வலிக்கிறது, அந்தப் பதினைந்தாவது இன்னிங்ஸை முடித்துவைத்தது அவருடைய அடிதான். ஆனாலும் முதுகெலும்பு அப்படியே இருக்கிறது.

கோபப்பட வேண்டுமானால் நிர்வாகத்தின் மீது கோபப்படுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கத்துகிறேன். பத்தாண்டுக் கணக்கில் நூற்றுக்கு 54 ஆட்டம் ஜெயித்துவந்தால் வேர்ல்ட் சீரிஸ் ஒருநாள் வந்துவிடும் என்ற கணக்கை, ஒரே வெற்றியில் வாய்ப்பை இழந்த 2023இன் அக்டோபரில், அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஜெரி டிபோட்டோ எங்களிடம் சொன்னார். ரசிகர்களைப் பொறுத்திருக்கச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்கிற மாதிரியும் பேசினார். பொறுமையா? எங்களுக்கா? ஷூவைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பாட்டிக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்கிறார்களா? பணத்தை எண்ணி எண்ணி எடுத்துவைக்கும் அந்த மேசைகளில் போய்க் கேளுங்கள் உங்கள் ‘ஆவது’வை. மழையில் ரயிலைப் பிடித்து, தெற்கே இறங்கி நடந்து, கடைசி வரிசையில் போர்வையோடு உட்காருகிற என்னிடம் கேட்காதீர்கள்.

அக்டோபரில் மட்டும் புதுத் தொப்பி வாங்கியவர்கள் வேறு. அந்த மாதம் முழுக்க ‘நாம் ஜெயித்தோம்’, ‘நம்ம ராலி’. இருபதாம் தேதி இரவு தாண்டியதும் ‘உங்கள் டீம்’ ஆகிவிட்டது. ஒரே இரவில் எப்படி அது என் டீம் மட்டும் ஆனது? சாப்பாட்டறையில் இன்று சிரித்தவரும் அந்தக் கூட்டம்தான். டெட்ராய்ட் ஆட்டத்தன்று என் மேசைக்கு வந்து ஸ்கோர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு மதியம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். ஜெயிக்கும். இந்த வருடம் ஜெயிக்கும். முதல் வார ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும். அவள் நேற்றே கையுறையை அலமாரியிலிருந்து இறக்கி எண்ணெய் தடவி, உள்ளே பந்தை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் காதுபட அந்த மூன்றெழுத்தைச் சொல்லாமல் இருந்தால் போதும்.