ஊழியருக்கே நம்பிக்கை இல்லாதபோது
பலன் தரும் என்று தெரிந்த சிகிச்சையை நடைமுறையில் மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்று ஆராய்வதுதான் செயலாக்க அறிவியல். ஏழை நாடுகளில் அது தடுமாறுவதற்குப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் இல்லாததே முதல் காரணம் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1980இல் பங்ளாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு வயிற்றுப்போக்குக்கு உப்பு, வெல்லக் கரைசலை வீடு வீடாகக் கொண்டுபோனபோது இந்தத் துறையின் பெயரே பலருக்குத் தெரியாது. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர், அவ்வளவுதான். பத்தே ஆண்டில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகள்! தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பிறகு போய்ச் சோதித்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். அப்படியும் முதலில் சறுக்கினார்கள். தாய்மார் பாடத்தை ஒப்பித்தார்கள், ஆனால் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுத்தவர்கள் குறைவு. விசாரித்தால், சொல்லிக்கொடுத்த ஊழியர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவுமில்லை. கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ‘மக்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று எழுதிய நண்பர் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும். இங்கே வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றில் நான் தொண்டூழியம் செய்தபோது, ஓஆர்எஸ் (அதே கரைசலுக்கான ஆயத்தப் பொடி) பொட்டலத்தை வாங்கிய பங்ளாதேஷ் ஊழியர் ஒருவர் மூன்று விரலைக் குவித்து, “எங்க அம்மா இப்படிப் போடும்” என்று அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே காட்டினார். பிராக் அமைப்புக்குச் சறுக்கவும் திருத்திக்கொள்ளவும் அவகாசம் இருந்தது. இரண்டு மூன்று ஆண்டு நிதியில் ஓடும் திட்டங்களுக்கு அது எங்கே? கட்டுரையாளர் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கலாம்.