போதும்ப்பா இந்த டாட்ஜர்ஸ் புராணம்

2026 ஜனவரியில் கைல் டக்கரையும் அமெரிக்க பேஸ்பாலின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அள்ளிக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷத்துக்கு 24 கோடி டாலர். 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு வேர்ல்டு சீரிஸ் (சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதித் தொடர்) ஜெயித்த அணி, ஒட்டானி, யமமோட்டோ, ஸ்னெல், பெட்ஸ், ஃப்ரீமேன் என்று ஏற்கெனவே வீடு நிறைய நட்சத்திரங்களை வைத்திருக்கும் அணி, சந்தைக்கு வந்த பெரிய ஆட்டக்காரரையும் விடவில்லை. அதே மாதம் எங்கள் மில்வாக்கி ப்ரூவர்ஸ் என்ன செய்தது தெரியுமா? எங்களுடைய முதன்மைப் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஃப்ரெடி பெரால்டாவை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அவருக்கு இன்னும் ஒரு சீசன்தான் ஒப்பந்தம் பாக்கி, அதற்கப்புறம் அவர் கேட்கும் சம்பளத்தைக் கொடுக்க இந்த ஊர் அணிக்கு வழியில்லை, இப்போதே விட்டால் இளம் பையன்களாவது கைக்கு வருவார்கள் என்ற கணக்கு. இதற்கு முன்பும் இப்படித்தான், எங்கள் ஹேடர் போனார், பர்ன்ஸ் போனார், டெவின் வில்லியம்ஸ் யாங்கீஸுக்குப் போனார், அடாமெஸ் ஜயன்ட்ஸுக்குப் போனார், பயிற்சியாளர் கவுன்சல்கூட பக்கத்து ஊர் கப்ஸுக்குப் போய்விட்டார். வளர்த்து ஆளாக்குவது நாங்கள், அறுவடை பண்ணுவது வேறு யாரோ.

சரி, பணம் இருப்பவன் வாங்குகிறான், அதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். டிவியைப் போட்டால் அவர்களே வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாடு முழுக்கக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆட்டமா, டாட்ஜர்ஸ் அல்லது யாங்கீஸ், இல்லாவிட்டால் மெட்ஸ், ரெட் சாக்ஸ், கப்ஸ். 2024 சீசனை சியோலில் தொடங்கினார்கள், டாட்ஜர்ஸ். 2025 சீசனை டோக்கியோவில் தொடங்கினார்கள், மறுபடியும் டாட்ஜர்ஸ். ஆட்டத்துக்கு நடுவில் விளம்பரம் வந்தால் அதிலும் ஒட்டானி. பிட்ஸ்பர்க்கும் கேன்சஸ் சிட்டியும் ஆடும் ஆட்டத்தில்கூட வர்ணனையாளர்கள் பாதி நேரம் டாட்ஜர்ஸ் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 30 அணிகள் இருக்கிற லீக் ஐயா இது!

2025-ல் சீசன் முழுக்கப் பார்த்தால் எல்லாரையும்விட அதிக ஆட்டம் ஜெயித்தது யார்? ப்ரூவர்ஸ். 97 வெற்றி. டாட்ஜர்ஸோடு ஜூலையில் ஆறு ஆட்டம் ஆடினோம், ஆறையும் ஜெயித்தோம். ஆகஸ்டில் தொடர்ந்து 14 ஆட்டம் ஜெயித்து அணியின் வரலாற்றிலேயே இல்லாத சாதனை. 12 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் இலவச பர்கர் என்று ஜார்ஜ் வெப் கடையில் பழைய வாக்கு ஒன்று இருக்கிறது, 1987-லும் 2018-லும் அப்புறம் இந்தத் தடவையும்தான் அது நிறைவேறியது. மில்வாக்கி வானொலியில் அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் ஆட்டங்களைச் சொன்ன பாப் யூக்கர் அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார், அவர் இல்லாத முதல் வருஷம் அது. இதைவிட நல்ல கதை அந்த வருஷம் பேஸ்பாலில் எங்கே இருந்தது? ஆனாலும் நாடளவில் எங்களைப் பற்றிப் பேசியபோதெல்லாம் "ஆச்சரியப்படுத்தும் சின்ன அணி" என்று ஒரு வரி, உடனே ஒட்டானி.

அக்டோபரில், வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய தொடரில், டாட்ஜர்ஸோடு மோதும் நாளும் வந்தது. முதல் ஆட்டம், எங்கள் மைதானம், நாலாவது இன்னிங்ஸ், பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மூன்று பேஸிலும் டாட்ஜர்ஸ் ஆட்கள். அவர்களுடைய மன்ஸி ஓங்கி அடித்த பந்து சென்டர் ஃபீல்டு சுவர்வரை போகிறது. எங்கள் ஃப்ரீலிக் எகிறுகிறார், பந்து கையுறையில் பட்டு, சுவரில் மோதி, திரும்ப அவர் கைக்கே வருகிறது. சுவரில் பட்டால் அது கேட்ச் இல்லை, பேஸில் நிற்பவர்கள் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். டாட்ஜர்ஸ் ஆட்கள் கேட்ச் என்று நினைத்துத் தயங்கி நிற்க, ஃப்ரீலிக் எறிந்த பந்து ஆர்டிஸ் வழியாக ஹோமுக்கு வந்து ஒரு அவுட், அங்கே நின்ற எங்கள் கேட்சர் கான்ட்ரேராஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டே மூன்றாவது பேஸுக்கு ஓடிப்போய் இன்னொரு அவுட். ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டிய அடி டபுள் ப்ளேயாக, ஒரே அடியில் இரண்டு அவுட்டாக முடிந்தது! வாழ்நாளில் ஒரு தடவை பார்க்கக் கிடைக்கிற விஷயம். அதைச் செய்தவர்கள் பெயரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறீர்கள்?

கடைசியில் அந்த ஆட்டத்தையும் சேர்த்து நாலு ஆட்டத்திலும் தோற்றோம், ஆட்டத்துக்கு நாங்கள் எடுத்தது ஒரே ஒரு ரன். நாலாவது ஆட்டத்தில் ஒட்டானி மூன்று ஹோம் ரன் அடித்து, ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் பந்தும் வீசி 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அப்படி ஒரு ஆட்டத்தை யாரும் ஆடியதில்லை. என் வயிறு எரிந்தது அதற்கப்புறம்தான். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேடையில் மைக்கைப் பிடித்து அவர்கள் பயிற்சியாளர் டேவ் ராபர்ட்ஸ் சொல்கிறார், டாட்ஜர்ஸ் பேஸ்பாலைக் கெடுக்கிறது என்றார்களாம், வேர்ல்டு சீரிஸில் இன்னும் நாலு ஆட்டம் ஜெயித்து நிஜமாகவே கெடுத்துவிடுவோமாம். மொத்தக் கூட்டமும் ஆர்ப்பரிக்கிறது. அடுத்தவன் ஆற்றாமை உங்களுக்குக் கொண்டாட்டமா?

"உங்கள் முதலாளியையும் செலவு பண்ணச் சொல்லு" என்று வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாட்ஜர்ஸின் உள்ளூர் டிவி ஒப்பந்தம் 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர். லீக்கிலேயே மிகச் சிறிய சந்தை மில்வாக்கி, அந்தப் பணத்தை எந்த மரத்தில் பறிப்பது? 2025-ல் சம்பள வரம்பைத் தாண்டியதற்கு டாட்ஜர்ஸ் கட்டிய வரி மட்டும் கிட்டத்தட்ட 17 கோடி டாலர், எங்கள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். ஒட்டானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியை 2034-லிருந்துதான் தருகிறார்களாம், அதனால் வரிக் கணக்கிலும் குறைவாகத்தான் காட்டுகிறது. எல்லாம் விதிப்படிதான், இல்லை என்று யார் சொன்னது, விதியே கோணல் என்றுதான் கத்துகிறோம். ஐபிஎல்லில் ஏலத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே தொகைதான். அமெரிக்காவிலேயே அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி மூன்றிலும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, இங்கே மட்டும் வரியைக் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தாண்டலாம்.

பெரிய அணியைக் காட்டினால்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு சாக்கு. காட்டாத அணியை எப்படி ஐயா பார்ப்பது? ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், ஞாயிறு ராத்திரியில் 30 அணிகளுக்கும் முறை வைத்து இடம் கொடுத்துப் பாருங்கள். எங்கள் சோரியோ முதல் பந்தை எப்படி விளாசுகிறான், டுராங் இரண்டாவது பேஸில் எப்படிப் பாய்ந்து விழுகிறான் என்று லாஸ் ஏஞ்சலஸ்காரனும் பார்க்கட்டும். 2026 டிசம்பர் 1-ம் தேதி ஆட்டக்காரர்களுடனான லீக்கின் ஒப்பந்தம் முடிகிறது, அணி முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் மல்லுக்கு நிற்கப்போகிறார்கள். அந்த அறைக்குள் யாராவது எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். 1982-ல் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றதிலிருந்து இன்னொரு வேர்ல்டு சீரிஸுக்குக் காத்திருக்கிற ஊர் இது.