ஹைட்டியின் அரிசியும் கறுப்புப் பன்றியும்

ஏழை நாட்டுக்குக் கைகொடுக்கிறோம் என்று ஒரு வல்லரசு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கரீபியத் தீவு நாடான ஹைட்டி ஞாபகம்தான் வரும்.

1980-களின் தொடக்கத்தில்கூட அந்த நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. ஆர்த்திபோனித் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் அதன் நெற்களஞ்சியம். ராணுவம் விரட்டிய அதிபர் அரிஸ்டீடை 1994-இல் அமெரிக்கப் படை திரும்பக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. 1995-இல் அரிசி இறக்குமதி வரி வெறும் 3 சதவீதமானது. அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 'மயாமி அரிசி' என்று ஊரே பெயர் வைத்தது. மண்வெட்டியை நம்பிப் பயிர் செய்கிறவர்கள் அந்த விலைக்கு எப்படி விற்பார்கள்? பலர் நிலத்தைப் போட்டுவிட்டுத் தலைநகரத்துக் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கும் முன்னால் நடந்த பன்றிக் கதையைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. ஹைட்டியின் நாட்டுப் பன்றி கறுப்பாக, சின்னதாக இருக்கும். கிடைத்ததைத் தின்று தானே வளரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணமா, வீட்டில் சாவா, ஒரு பன்றியை விற்றால் போதும். அதுதான் அவர்களுடைய உண்டியல். பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவுகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முன்னின்று அத்தனையையும் கொல்லவைத்தது. பதிலுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்கு சிமெண்ட் தரை வேண்டும், கூரை வேண்டும், காசு கொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும். 'நாலுகால் இளவரசர்கள்' என்றார்கள் மக்கள். வளர்க்கிறவர்களுக்கே அந்த வசதி கிடையாது.

உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிபாடுகளுக்கு நடுவே நின்றவர்களுக்குச் சோறு போட்டவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் வாங்குகிறவர்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அதைப் பிடுங்கிவிட்டுக் கொடுப்பதற்குப் பெயர் உதவியா?

அமெரிக்காவின் அர்கன்சாஸும் நெல் விளையும் மாநிலம்தான். அங்கே ஆளுநராக இருந்து, வரி குறைந்த அந்த 1995-இல் அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டன், 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, அந்த அரிசிக் கொள்கை தன் மாநில விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். பதினைந்து வருஷம் கழித்து!

அதே மாதம் ஹைட்டி அதிபர் பிரேவாலும் வாஷிங்டன் போனார். நாடே தரைமட்டமாகிக் கிடந்த நேரம். அப்போதும் அவர் சொன்னது இதுதான்: வெளியிலிருந்து உணவும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தால் எங்கள் விளைச்சலும் வியாபாரமும் அதோடு போட்டி போட வேண்டிவரும்.