புழுத் துளையோடு நிறுத்திவிடாதீர்கள்

இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘பழக்கூடை’ ஓவியம் வாழ்க்கையின் நிலையாமையைச் சொல்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்குப் போய்விட்டால் பழங்களையே யாரும் பார்க்கமாட்டார்களே என்பதுதான் என் கவலை.

முன்னால் இருக்கிற அப்பிளைப் பாருங்கள். புழு துளைத்த இடம் நேராக நம்மைப் பார்த்திருக்கிறது. நான் வாராவாரம் வெள்ளவத்தைச் சந்தையில் பழம் வாங்குகிறவள். அங்கே அடிபட்ட பக்கம் கீழேதான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கரவாஜியோவோ 1600ஐ ஒட்டிய காலத்திலேயே அதை வேண்டுமென்று முன்னுக்கு வைத்திருக்கிறார். வலப்பக்க இலைகள் காய்ந்து சுருண்டு தொங்குகின்றன. பூச்சி அரித்த இடம் எது, பூஞ்சணப் புள்ளி எது என்று தாவரங்களைப் பற்றிப் படித்தவர்கள் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறார்.

அப்புறம் கூடையின் அடிப்பாகம். பலகை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, கீழே அதன் நிழல். விழுந்துவிடுமோ என்று கை தானாக நீளும். எனக்கு இந்தப் படத்தின் உயிர் அந்த இடத்தில்தான்.

இதை வைத்திருந்த கர்தினால் பெதெரிக்கோ பொரோமியோ 1618இல் தன் சேகரிப்பை இத்தாலியின் மிலான் நகரிலுள்ள அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தார். சமயப் பெரியவர்தான். ஆனாலும் இதன் பக்கத்தில் வைக்க இன்னொரு கூடை விரும்பியதாகவும், இதன் அழகுக்கு எதுவும் ஈடாகாததால் தனியே விட்டதாகவும்தான் எழுதி வைத்தார்.